இன்னும் ஒரு கேஸ் இருக்கு

மணி ராத்திரி இரண்டேகால். பாகாலாவைத் தாண்டிச் சந்திரகிரி போகிற ரோடு. இரண்டு பக்கமும் மாந்தோப்பு... விளக்கு என்று ஒன்று கிடையாது. மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. அந்த ரோட்டில் ஒரே ஒரு கார். ஓட்டுவது ஒரு டாக்டரம்மா. பிரசவம் பார்க்கிறவள். ஆஸ்பத்திரிப் பச்சை உடுப்பைக்கூட மாற்றாமல் வண்டியில் ஏறியிருக்கிறாள். தூங்கிவிடக் கூடாதே என்று நாலு கண்ணாடியும் இறக்கியிருக்கிறாள். மழை பெய்த ராத்திரி... மண் வாசனை வர வேண்டும், மாவிலை வாசனை வர வேண்டும். வரவில்லை. மூன்று நாளாகக் கையிலேயே ஒட்டிக்கிடந்த டெட்டால் வாசனையும் இல்லை. முகர்ந்து பார்த்தாள். ஒன்றுமே இல்லை.

இங்கே நான் நிறுத்தினேன். நிறுத்தினால்தான் கேட்கிறவனுக்குக் கொஞ்சம் உதறும்.

“யாருண்ணே அந்த டாக்டரு?” என்றான் நிதின்.

“சொல்லிக்கினுதானடா கீறேன். நடுவுல பூந்து பேசுனா எறங்கிப் பூடுவேன். மொதல்ல அந்த செல்போன் லைட்ட அணை.”

திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியின் பின்புறம் ஆம்னி வேனுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். மூன்று பேருமே டாக்டர்களுக்குக் கார் ஓட்டுகிறவர்கள். வெளியே தூறல். எங்கள் மேடம் ஒன்பது மணிக்கு, “ஒரே ஒரு கேஸ் கமலக்கண்ணன், முடிச்சிட்டு வந்துடறேன்” என்று உள்ளே போனவர். இப்போது பன்னிரண்டரை. வேலூரிலிருந்து புதிதாக வந்து சேர்ந்திருக்கிற ஜெபகுமார்தான் பேய்க் கதை கேட்டான். எனக்குத் தெரிந்தது இந்த ஒன்றுதான். இதுவும் எனக்கு நடந்ததில்லை. என் தோஸ்து தணிகாசலத்தின் அண்ணன் மகளுக்கு நடந்தது. தணிகாசலம் பொய் சொல்ல மாட்டான். கதை கட்டுகிற அளவுக்கு அவனுக்கு மூளையும் கிடையாது.

அந்தப் பெண்ணின் பெயர் கீர்த்தி. முப்பத்திரண்டு வயது. நகரி பக்கத்துக் கரும்புக்காரர் வீட்டுப் பெண். அந்தக் குடும்பத்தில் முதல் டாக்டர். வேலை செய்த இடம் பாகாலாவுக்கும் சித்தூருக்கும் நடுவில் ஒரு ஆஸ்பத்திரி. அதன் பெயர் உங்களுக்கு வேண்டாம். நாளைக்கு உங்கள் வீட்டுப் பெண்ணையே அங்கே சேர்க்க வேண்டி வரலாம்.

அங்கே பிரசவத்துக்கு மூன்று டாக்டர்கள் என்று போர்டு. ஒருத்தி பெங்களூர் போய்விட்டாள். இன்னொருத்திக்கே பிரசவம். பிரசவ டாக்டருக்கும் பிள்ளை பிறக்குமில்லையா... ஆறு மாசம் லீவு. மிச்சம் கீர்த்தி ஒருத்திதான். சூப்பரின்டென்டென்ட் நாகபூஷணத்திடம் போய் நிற்பாள். அவர் தலையைக்கூடத் தூக்க மாட்டார்.

“கொத்திகா அட்ஜஸ்ட் சேசுகோம்மா. ரேபு வஸ்தாரு.”

“இன்னா அர்த்தம்?” என்றான் ஜெபகுமார்.

“கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, நாளைக்கி ஆள் வருதுன்னு அர்த்தம். நாலு மாசமா அதே நாளைக்கிதான்.”

நாசமாய்ப் போகிறவர் அதோடு ஒரு சட்டமும் வைத்திருந்தார். பிரசவ அறை வாசலில் ஒரு நீள நோட்டு தொங்கும். டூட்டி முடிந்து போகிற டாக்டர் ‘ஒப்படைத்தவர்’ என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்து வருகிறவர் ‘பெற்றுக்கொண்டவர்’ என்ற கட்டத்தில் போட வேண்டும். இரண்டாவது கையெழுத்து இல்லாமல் முதல் ஆள் கேட்டைத் தாண்டக் கூடாது. நல்ல சட்டம்தான். கட்டிலில் கிடக்கிறவளை அம்போ என்று விட்டுவிட்டுப் போக முடியுமா? ஆனால் இரண்டாவது கையெழுத்துப் போட ஆளே இல்லை என்றால் முதல் ஆள் என்ன செய்வாள்? அதை அந்த நோட்டில் எழுதவில்லை.

கீர்த்தியின் நைனா ஆதிகேசவன். தாயில்லாப் பெண்ணை வளர்த்து ஆளாக்கிய மனிதர். மாசத்துக்கு ஒரு தடவை டிபன் கேரியரில் கறிக்குழம்பு எடுத்துக்கொண்டு மூன்று பஸ் மாறி வருவார். பிரசவ அறை வாசலில் ஒரு மர பெஞ்சு. அதில் உட்காருவார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும்.

“இன்னும் ஒரு கேஸ் இருக்கு நைனா. முடிச்சிட்டு வந்துடறேன்.”

“மெதுவா வாம்மா. எனக்கு இன்னா வேல கீது.”

அந்த ஒரு கேஸ் முடிவதற்குள் இன்னொன்று வரும். அவருக்குக் கடைசி பஸ் வந்துவிடும். கேரியரை நர்ஸ் சுலோசனாவிடம் கொடுத்துவிட்டு, மூடிய கதவைப் பார்த்து, “வரேம்மா” என்று சொல்லிவிட்டுப் போவார். மகள் முகத்தைப் பார்க்காமலே போன நாட்கள்தான் அதிகம்.

அந்த மனிதருக்குத்தான் நெஞ்சு கெட்டுப்போய், திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கூட இருந்தது தம்பி தணிகாசலம்.

இப்போது அந்த ராத்திரிக்கு வருகிறேன். புதன்கிழமை. கீர்த்தி ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு. அதற்கப்புறம் கேட்டைத் தாண்டவில்லை. பகலில் வெளியே வரிசையில் நிற்கிற எண்பது தொண்ணூறு கர்ப்பிணிகள். ராத்திரியில் பிரசவம். மூன்று நாளில் பதினாறு பிரசவம், அதில் ஐந்து ஆப்பரேஷன். தூக்கம் என்றால், நோயாளியைப் படுக்கவைத்துப் பார்க்கிற மேசையில் காலை மடக்கிக்கொண்டு இருபது நிமிஷம். சாப்பாடு, காலையில் வாங்கின தயிர்சாதம்... சாயங்காலம் வரை பிரிக்கவே இல்லை.

அன்று மத்தியானம் அவள் இடது கால் செருப்பின் வார் அறுந்துவிட்டது. கடைக்குப் போக முடியுமா? தையல் போடுகிற கறுப்புப் பட்டு நூலில் மிச்சம் இருந்ததை எடுத்து, ஊசியில் கோத்து, வயிற்றைத் தைக்கிற மாதிரியே வாரைத் தைத்து மூன்று முடிச்சுப் போட்டாள். அவள் எப்போதும் மூன்று முடிச்சுதான். நுனியை ஒட்ட வெட்டிவிடுவாள். அதற்கப்புறம் நடக்கும்போது அந்தக் கால் கொஞ்சம் இழுக்கும். சரக்... டக். சரக்... டக்.

ராத்திரி பதினொன்றரைக்கு மூன்றாவது கட்டிலுக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். கன்னிகா. வெதுருகுப்பம். தலைப்பிரசவம், பத்தொன்பது வயது. முகம் கால் எல்லாம் வீக்கம். பிபி நூற்று எழுபது. கண் முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறது என்கிறாள். எந்த நிமிஷமும் வலிப்பு வரலாம்... வந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. பிள்ளைத் தலை இறங்கிவிட்டது; அந்த மழையில் திருப்பதிக்கு அனுப்பினால் பாதி வழியிலேயே முடிந்துவிடும். கீர்த்தி ஊசி போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். அந்தப் பெண் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

“மேடம்... நீங்க பூடாதீங்க மேடம்.”

“நான் எங்கயும் போக மாட்டேம்மா. உன் கூடவேதான் இருப்பேன்.”

இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மணி ஒன்றரைக்குப் போன். கீர்த்தி அறைக்கு வெளியே வந்து எடுத்தாள். தணிகாசலம்.

“கீர்த்தி, ஒடனே கெளம்பி வாம்மா. விடியற வரைக்கும் தாங்காதுன்றாங்க. உன்னயேதான் கேட்டுக்கினு கீறாரு.”

போனை வாங்கி நைனாவே பேசினார். மூச்சு வாங்குகிறது... ஆனால் தெளிவாகப் பேசினார்.

“கேஸ் இருக்குதாம்மா?”

கீர்த்தி பிரசவ அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள். “இதோ வந்துட்டேன் நைனா. கண்டிப்பா வந்துடுவேன்.”

ஆக, இரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். ஒருத்தியிடம் போக மாட்டேன் என்று... இன்னொருத்தரிடம் வந்துவிடுவேன் என்று. நடுவில் நாற்பது கிலோமீட்டர்.

நாகபூஷணத்துக்குப் போன் அடித்தாள். ஸ்விட்ச் ஆஃப். சித்தூரில் தெரிந்த இரண்டு டாக்டர்களுக்கு அடித்தாள். ஒருத்தி ஆப்பரேஷனில் இருக்கிறாள். இன்னொருத்தி எடுக்கவில்லை, பாவம், அவளும் எங்கே எத்தனையாவது மணி நேரம் நின்றுகொண்டிருந்தாளோ. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. வராந்தாவில் இன்வெர்ட்டர் பல்பு ஒன்றே ஒன்று மங்கலாக எரிகிறது. தூரத்தில் பாகாலா ஸ்டேஷன் பக்கம் கூட்ஸ் வண்டி கூவுகிறது. கீர்த்தி சுவரில் சாய்ந்து நின்றாள். ‘கடவுளே, ஒருத்தியை அனுப்பேன். யாரா இருந்தாலும் பரவாயில்லை’ என்று வாய்விட்டே சொன்னாளாம்.

சரக்... டக். சரக்... டக்.

தன் செருப்புச் சத்தம்தான் என்று நினைத்தாள்... அப்புறம்தான் தோன்றியது, தான் நின்றுகொண்டல்லவா இருக்கிறோம் என்று.

வராந்தாவின் அந்தக் கடைசியில், கைகழுவுகிற இடத்திலிருந்து ஒரு பெண் நடந்து வருகிறாள். பச்சை உடுப்பு. தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க். கண் மட்டும் தெரிகிறது. சிவந்து, வீங்கி... தூங்கிப் பல நாள் ஆன கண். கையுறை கழற்றின கை, விரலெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பவுடர். கிட்ட வந்து நின்றாள்.

“நீ போ. நான் பாத்துக்கறேன்” என்றாள். தொண்டை கட்டின குரல்.

“பேரு கேக்கலியா அந்தம்மா?” என்று ஜெபகுமார் பாய்ந்தான்.

அதுதான் தப்பு. ஆனால் அந்தத் தப்பைச் செய்யாத டாக்டர் எவரும் இருக்க மாட்டார் என்று தணிகாசலத்திடம் கீர்த்தியே சொன்னாள். அறுபத்தைந்து மணி நேரம் நின்றவளிடம் ‘நீ போ’ என்று ஒருத்தி வந்து சொன்னால், நீ யார், எந்த ஊர், ஆர்டர் எங்கே என்று கேட்பார்களா? நாலு மாசமாக நாளைக்கு வருவார் நாளைக்கு வருவார் என்று சொன்ன ஆள் வந்துவிட்டார்... அவ்வளவுதான் மனசில் ஓடியது. அழுகையே வந்துவிட்டது அவளுக்கு.

ஒவ்வொரு கட்டிலாக ஒப்படைக்க ஆரம்பித்தாள். ஒன்றாவது கட்டில், இரண்டாவது கட்டில்...

“மூணாவது கட்டில்ல...”

“கன்னிகா. வெதுருகுப்பம். நூத்தி எழுபது. அவ கைய விடக் கூடாது. தெரியும்... நீ போ.”

நோட்டைக் கொக்கியிலிருந்து எடுத்து, பெஞ்சின்மேல் வைத்து, கீர்த்தி ஒப்படைத்தவர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். பேனாவை நீட்டினாள். வாங்கின விரல் ஜில்லென்று இருந்தது. அவள் குனிந்து கையெழுத்துப் போடும்போது கீர்த்தி தரையைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் இடது கால் செருப்பு... வாரில் கறுப்பு நூல். பார்த்தாள். மனசில் வாங்கவில்லை. ஓடிப்போய்க் காரில் ஏறிவிட்டாள்.

நான் ஆரம்பத்தில் சொன்னேனே, இரண்டேகால் மணி... அந்த ரோடு. வாசனையே இல்லாத அந்த ரோடு.

வேன் கூரையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. நிதின் கிட்ட நகர்ந்து உட்கார்ந்தான். பிடரியில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான், சனியன்.

மூன்று மணிக்குத் திருப்பதி. நாலாவது மாடிக்கு லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியில் ஓடினாள். ஓடின வேகத்தில் செருப்புத் தையல் பிய்ந்துவிட்டது. இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வார்டுக்குள் போனாள். வாசலில் தணிகாசலம்.

“வந்துட்டியாம்மா... போ, போ. முழிச்சிக்கினுதான் கீறாரு.”

நைனாவின் கையைப் பிடித்தாள். “நைனா... வந்துட்டேன் நைனா.”

ஆதிகேசவன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ரொம்ப மரியாதையாக, வேற்று ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

“சிஸ்டர்... உங்களுக்குப் புண்ணியமாப் பூடும். என் பொண்ணு டாக்டரு, கீர்த்தின்னு பேரு. எப்ப வரும்னு கொஞ்சம் போன் போட்டுக் கேட்டுச் சொல்றீங்களா?”

“நைனா, நாந்தான் நைனா கீர்த்தி! நல்லாப் பாரு!”

“அண்ணே, இது நம்ம கீர்த்திண்ணே” என்றான் தணிகாசலம்.

“தணிகா, கம்முனு இரு. எம் பொண்ண எனக்குத் தெரியாதா?” என்றார். தம்பியைத் தெரிகிறது. எதிர்க்கட்டில்காரரின் பெயர் தெரிகிறது. கடிகாரத்தைப் பார்த்து மணி மூணே கால் என்கிறார். கையைப் பிடித்துக்கொண்டிருக்கிற மகளை மட்டும் தெரியவில்லை. நினைவு தப்பினது என்று நீங்கள் சொல்லலாம். அங்கே இருந்த டாக்டரும் அப்படித்தான் சொன்னார்.

அப்புறம் அவரே அவளுக்கு ஆறுதல் சொன்னார். “விடுங்க சிஸ்டர். அதுக்கு இன்னும் ஒரு கேஸ் இருக்கும். முடிச்சிட்டு வரட்டும்.”

ஒரு மணி நேரம் கதவையே பார்த்துக்கொண்டு இருந்தார். பக்கத்திலேயே மகள் இருக்கிறாள்... அவர் கதவைப் பார்க்கிறார். நாலு இருபதுக்குப் போய்விட்டார்.

கீர்த்தி அழவில்லை. ஆம்புலன்சில் அழவில்லை, ஊரில் அழவில்லை. சொந்தக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பேசினார்கள், டாக்டர் இல்லையா, மரத்துப் போயிருக்கும் என்று. அவள் தணிகாசலத்திடம் சொன்னது இதுதான்: “சித்தப்பா, எனக்கு வருத்தமா இல்ல. ஒண்ணுமே இல்ல. உள்ள காலியா கீது.”

காரியமெல்லாம் முடிந்து பதின்மூன்றாம் நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தணிகாசலமும் துணைக்குப் போனான். தையல் பிய்ந்த அதே செருப்புதான், வாரில் ஒரு ஊக்கைக் குத்திப் போட்டுக்கொண்டு போனாள். சொல்லாமல் கொள்ளாமல் இத்தனை நாள் வராததற்கு நாகபூஷணம் கத்தப் போகிறார் என்று பயம். வாசலில் சுலோசனா எதிர்ப்பட்டாள்.

“சுலோசனாக்கா, அன்னிக்கி என்ன மாத்திவிட வந்தாங்களே... அந்த மேடம் யாரு? எந்த ஊரு?”

“எந்த மேடம்?”

“புதன்கிழமை ராத்திரி. நான் ரெண்டு மணிக்குப் போனேனே.”

சுலோசனா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். “இன்னா மேடம் கேக்கறீங்க? நீங்க எங்க போனீங்க? வெளிய போன் பேசிட்டு உள்ள வந்தீங்க. வெடியற வரைக்கும் கன்னிகா கைய விடல நீங்க. மூணு அம்பதுக்குப் பொண்ணு பொறந்துது. ஃபிட்ஸும் வர்ல, ஒண்ணும் வர்ல.” அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “நாலு இருவதுக்குத்தான் மேடம் எனக்குப் பயமாப் பூட்ச்சி. சும்மா நின்னுக்கினு இருந்தவங்க ஸ்டூல்ல உக்காந்து, ‘நைனா’ன்னு ஒரே ஒரு தபா கத்துனீங்க. அப்படி ஒரு அழுக நான் பாத்ததே இல்ல. அப்பறம் எழுந்து கை கழுவிக்கினு அடுத்த கட்டிலுக்குப் பூட்டீங்க.”

அந்த நாலு இருபதுக்குக் கீர்த்தி திருப்பதியில் நைனாவின் கட்டிலோரம் இருந்ததைத் தணிகாசலமே கண்ணால் பார்த்தவன்.

“அப்பறம்?” என்றாள் கீர்த்தி.

“அப்பறம் இன்னா? ராத்திரி ராத்திரி நீங்கதான. மாஸ்க்கு எடுக்கறதில்ல, துன்னறதில்ல, பேசறதில்ல. நானே கேக்கலாம்னு இருந்தேன்... எப்ப மேடம் ஊட்டுக்குப் போவீங்க?”

கீர்த்தி நோட்டைப் பிரித்தாள். புதன்கிழமை வரி. ஒப்படைத்தவர், கீர்த்தி. பெற்றுக்கொண்டவர்... கீர்த்தி. அதே கையெழுத்து. அதற்குக் கீழே ஒரு வரிகூட எழுதப்படவில்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு நாகபூஷணத்திடம் ஓடினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். திரும்பவும் வரியைப் பார்த்தார். முகம் வெளுத்தது என்று தணிகாசலம் சொன்னான். அந்த ஆளுக்கு அப்போதே எல்லாம் தெரிந்துவிட்டது. ஆனால் என்ன செய்தார் தெரியுமா? நோட்டை மூடினார்.

“ராத்திரி டூட்டி நடுஸ்துந்தி கதம்மா. ஒதிலெய்.”

“அதான்... ராத்திரி டூட்டி நடந்துக்கினு கீது இல்ல, விட்டுடுன்னு சொல்றான்” என்று ஜெபகுமாருக்குச் சொன்னேன். “பேயக்கூட மன்னிச்சிடுவேன்டா நான். இந்த ஆள மன்னிக்க மாட்டேன்.”

சம்பளம் வேண்டாம், சாப்பாடு வேண்டாம், லீவு கேட்காது. அவருக்கு வேறென்ன வேண்டும்?

கீர்த்தி வீட்டுக்குப் போகவில்லை. தணிகாசலத்தைக் காரில் படுக்கச் சொல்லிவிட்டு அந்த மர பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். நைனா உட்காருகிற பெஞ்சு. அன்றைக்கு ஐந்து கட்டிலும் காலி. சுலோசனா விளக்கை அணைத்துவிட்டுக் கீழே ஆண்கள் வார்டுக்குப் போய்விட்டாள். பிரசவ அறைக்குள் வெளிச் செருப்போடு போகக் கூடாது என்பது அங்கே வழக்கம். பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றி பெஞ்சுக்குக் கீழே விட்டாள். பன்னிரண்டு ஆயிற்று. ஒன்று ஆயிற்று. வராந்தாவில் ஒரு நாய்கூட இல்லை. மூடின கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

ஒன்றே முக்கால்.

உள்ளே குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம். அப்புறம்... வயிற்றில் வைத்துப் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்கிற மெஷின் இருக்கிறதே, அந்தச் சத்தம். டக்டக்டக்டக்டக்... காலிக் கட்டில்கள் கிடக்கிற அந்த இருட்டு அறைக்குள்ளிருந்து. டெட்டால் வாசனை கதவிடுக்கில் வந்தது. பதின்மூன்று நாளில் அவள் மூக்குக்கு எட்டின முதல் வாசனை அதுதான்.

கீர்த்தி எழுந்து நோட்டைப் பிரித்தாள். பெற்றுக்கொண்டவர் கட்டத்தில் தானே கையெழுத்துப் போட்டாள். கதவில் கையை வைத்தாள்.

“கையெழுத்துப் போட்டுட்டேன்... நான் வந்துட்டேன். நைனா பூட்டாரு. உன்னயே கேட்டுக்கினு இருந்தாரு. நீ வெளிய வா. நீ போ... நான் பாத்துக்கறேன்.”

மெஷின் சத்தம் நின்றது. குழாய் நின்றது. ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் கதவுக்கு அந்தப் பக்கம், மிகக் கிட்டத்தில்... தொண்டை கட்டின அவள் குரலே சொன்னது.

“இன்னும் ஒரு கேஸ் இருக்கு. முடிச்சிட்டு வந்துடறேன்.”

கீர்த்தி கதவைத் திறக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள். விடிகிற வரைக்கும் கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

காலையில் தணிகாசலம் வந்து தோளைத் தொட்டான். சுலோசனா வந்து கதவைத் திறந்து காட்டினாள். அறையில் யாரும் இல்லை. குழாயடி காய்ந்து கிடந்தது. நோட்டில், கீர்த்தி ராத்திரி போட்ட கையெழுத்துக்குப் பக்கத்தில், ஒப்படைத்தவர் கட்டம் காலியாகவே இருந்தது.

“வாம்மா, போலாம்” என்று சொல்லி, தணிகாசலம்தான் குனிந்து பெஞ்சுக்குக் கீழேயிருந்து செருப்பை எடுத்துப் போட்டான். இடது கால் செருப்பில் ஊக்கு இல்லை. அது மூடின நிலையில் பெஞ்சின் ஓரத்தில் இருந்தது. வார் தைக்கப்பட்டிருந்தது. கறுப்புப் பட்டு நூல், மூன்று முடிச்சு, நுனி ஒட்ட வெட்டியிருந்தது. தணிகாசலம் விரலால் தொட்டுப் பார்த்தானாம்... நூல் இன்னும் ஈரமாக இருந்தது.